பொங்கியண்ணன் மலைக்கு ஏற்றிய வீடு

அந்தக் காலத்தில் பல்லடத்துக்குத் தெற்கே மாடு வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் பொங்கியண்ணனைத்தான் தேடிப் போவார்கள். கண்ணபுரம் சந்தையில் ஆயிரம் காளை நின்றாலும் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தால் போதும். எது உழும், எது படுக்கும், எது வாங்கியவனைக் குடும்பத்தோடு படுக்கவைக்கும் என்று சொல்லிவிடுவார். சுழி பார்ப்பார், குளம்பு பார்ப்பார், வாலைத் தூக்கிப் பார்ப்பார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடு அல்லாதவற்றையும் மாட்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார், தொந்தரவு அங்கேதான். ஒரே மகள் வள்ளியாத்தாளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையனைக் கிணற்றடி வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொல்லி, பின்னால் நின்று குதிகால் எப்படி விழுகிறது என்று பார்த்தவர் அவர். தம்பிதுரை நல்ல பையன், எதற்கென்று கேட்காமல் நடந்துவிட்டு வந்தான். நல்லவேளை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை என்று பொங்கியண்ணனின் சம்சாரம் காளியாத்தாள் பிற்பாடு பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

குதிகால் பொய் சொல்லவில்லை. பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகு குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை பேக்டரியில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை தம்பிதுரைக்குக் கிடைத்தது. பேக்டரிக்குப் பக்கத்திலேயே வீடும் கொடுத்தார்கள். வள்ளியாத்தாள் மலைக்குக் குடிபோனாள். மறுவருஷம் ஆடிக்கு ஊருக்கு வந்துவிட்டுப் பஸ்ஸில் மலையேறிப் போனவளுக்கு, நாலு மாசத்துக் கரு கலைந்துபோயிற்று. அடுத்த தடவை உண்டானபோது மலை மேலே இருந்த பெண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கும் வரை மலை இறங்கக் கூடாது, ஒரு வளைவுகூட இறங்கக் கூடாது என்று.

இங்கேதான் சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், அது உலகத்துக்கே தெரிந்த முறை. மகள் இறங்க முடியாது என்றால் தாய் ஏறிப் போகலாமே என்பீர்கள். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பொங்கியண்ணன் வகையறாவில் பெண்ணைக் கொடுத்தவர்கள் பேரக்குழந்தை பிறக்கும் வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவரைப் பெற்ற அய்யன் ஒரு சித்திரை மாசத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஒரு வாய் மோர்கூடக் குடிக்காமல் ஒன்பது மைல் வெறும் நாக்கோடு நடந்து திரும்பியவர். அந்தக் கதையைப் பொங்கியண்ணன் யாரும் கேட்காமலே சொல்வார். சாப்பிடாமல் எத்தனை நாள் காவல் இருக்க முடியும்?

காளியாத்தாள் வைகாசி முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் தாளாமல் சொல்லிவிட்டாள்.

"மொதல்லது போனப்ப நா பக்கத்துல இல்லீங்க. இதும் போயிருச்சுன்னா எம்புள்ள தாங்க மாட்டா. நானுந் தாங்க மாட்டனுங்க."

பொங்கியண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாய்க்கால் மேட்டில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் சந்தையில் நல்ல ஜோடி கண்டுபிடித்த களை இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வர முடியாவிட்டால் வீடு பிள்ளையிடம் போகட்டும் என்றார். வெள்ளைக்காரத் துரைமார் சிலர் மோட்டாரிலேயே கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களாம், அதுபோல ஒன்று கட்டி மகள் வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டால் அதுதான் தாய்வீடு. ரயிலில் போகலாமே என்று காளியாத்தாள் கேட்டாள். ரயிலில் மனுஷன் போகலாம், வீடு போகுமா என்றார் அவர். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், அந்த வீட்டுக்குச் சக்கரம் வைத்துப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

வீடு மட்டும் போனால் போதாது. அவரிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. ஒரு மில் முதலாளி ஒரு ஜோடி காங்கேயம் காளைக்கு மாற்றாகத் தள்ளிவிட்டது. ஊரிலேயே பெரிய மாட்டுத் தரகர் ஏமாந்த ஒரே மாற்று அதுதான் என்று பேசிக்கொண்டார்கள். சமதரையில் கார் சமர்த்தாக ஓடும். மேடு கண்டால் உலைப்பானை மாதிரி கொதித்து நின்றுவிடும். மலை மேலே தம்பிதுரை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நாலு மைல், பாதை மேடு பள்ளமில்லாமல் முகட்டோடு போவது. வலி எடுத்தால் அந்தக் கார் இருந்தால் கால் மணியில் கொண்டு சேர்த்துவிடலாம், தம்பிதுரைக்கு ஓட்டவும் தெரியும். ஆகவே, வீட்டையும் சுமக்க வேண்டும், காரையும் பின்னால் இழுக்க வேண்டும், மலையும் ஏற வேண்டும். அப்படியொரு மோட்டாரைத் தேடிப் பொங்கியண்ணன் கோயமுத்தூருக்குப் புறப்பட்டார்.

உக்கடத்துப் பக்கம் கோவிந்தராஜுலு என்பவர் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தார். பழைய வண்டிகளும் அங்கே விற்பனைக்கு நின்றன. பொங்கியண்ணன் ஒவ்வொன்றையும் மூன்று சுற்று வந்தார். ஒரு பஸ்ஸின் நெற்றியில் பள்ளம் இருந்ததைப் பார்த்து, இந்த இடத்தில் சுழி இருந்தால் வைத்திருப்பவனுக்கு ஆகாது என்றார். கோவிந்தராஜுலு பொறுமைசாலி, தட்டி எடுத்துவிடலாம் என்றார். சுழியைத் தட்டி எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு இவர் அடுத்ததற்குப் போய்விட்டார். விலை பேசும் நேரத்தில் திடீரென்று துண்டை எடுத்து கோவிந்தராஜுலுவின் கைமேல் போட்டு, அதற்கடியில் விரல்களைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான் பேசுவது. பட்டறைக்காரருக்கு மாட்டுச் சந்தை பழக்கமில்லை. இவருக்கு ஏதோ இழுப்பு வந்துவிட்டதென்று சாவிக்கொத்தை எடுத்து இவர் கையில் திணித்தார்.

வாயால் பேசித் தீர்த்த பிறகு பொங்கியண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். தான் பொறுக்கியெடுத்த மூன்று வண்டிகளும் தன் தோட்டத்துக்கு வந்து கிணற்றுச் சரிவில் ஏறிக் காட்ட வேண்டும். கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் காளைகள் சரிவில் இறங்கும்போது தண்ணீர்ச் சால் மேலே வரும். சால் மறுபடி கிணற்றுக்குள் போக, காளைகள் திரும்பாமல் அப்படியே பின்னங்கால் வைத்து மேட்டில் ஏற வேண்டும். காளையின் பலம் முன்னால் போவதில் இல்லை, பின்னால் ஏறுவதில்தான் இருக்கிறது என்பது அவருடைய முப்பது வருஷத்து வேதம். மோட்டாரும் அப்படியே ஏற வேண்டும், அதுவும் கல் ஏற்றிய சறுக்குப் பலகையை முன்னால் கட்டி இழுத்துக்கொண்டு.

கோவிந்தராஜுலு மைதீன் பிச்சையை டிரைவராக அனுப்பினார். பதினைந்து வருஷம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவர், எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர், ஆனால் இப்படியொரு பரீட்சையைப் பார்த்ததில்லை. மலையில் யாருங்க பின்னால ஏறுவாங்க என்று கேட்டும் பார்த்தார். முயலுக்கு மூன்று கால் என்று பிடித்தவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்? முதலில் வந்த புது பஸ் பாதிச் சரிவில் மூச்சு முட்டி நின்றது. அது மேலேறியிருந்தால் நேரே கிணற்றுக்குள் போயிருக்கும் என்பதால் மைதீன் பிச்சை அல்லாவுக்கு நன்றி சொன்னார். இரண்டாவது லாரி போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சீறுகிற மாடு இழுக்காது என்று பொங்கியண்ணன் அதைத் தள்ளிவிட்டார். மூன்றாவது, பெயின்ட் உரிந்துபோன ஒரு கிழட்டு லாரி. முன்பக்கமாக ஏறச் சொன்னால் இருமியது. பின்பக்கமாக விட்டதும் கல்லையும் இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே வந்து, கிணற்று ஓரத்தில் போட்டிருந்த கல்லில் முட்டி நின்றது.

பொங்கியண்ணன் அதன் முகத்தைத் தடவிக் கொடுத்தார். அந்த லாரிதான் என்று முடிவாயிற்று. ஊரே சிரித்தது. மலைக்கு முதுகு காட்டி ஏறப்போகிறார் என்று பல்லடம் பேட்டை வரைக்கும் பேச்சு.

லாரியின் மேல் மரவீடு எழும்பியது. வாசல் பின்பக்கம், அதற்குப் படி, இரண்டு பக்கமும் சன்னல், ஒரு கட்டில். அடுப்பை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் வைக்க வேண்டும் என்று காளியாத்தாள் சொன்னாள். கோவிந்தராஜுலு தலையைச் சொறிந்தார். திரும்புகிற வண்டியில் தென்கிழக்கு எது? வாசல் கிழக்குப் பார்த்து நின்றால் இந்த மூலை என்று பொங்கியண்ணன் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கொடுத்தார். அப்போ வடக்க போறப்ப அடுப்பு கன்னி மூலைக்குப் போயிருமேங்க என்று அவள் மடக்கினாள். ஓடுகிறபோது அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை, அதனால் தோஷமில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அது நல்ல தீர்ப்புத்தான், மறுக்க முடியாது.

பிறகு அவள் சாமான் ஏற்றினாள். அம்மி, ஆட்டுக்கல், ஒரு மூட்டை அரிசி, கொள்ளு, ராகி, சொந்தக் கிணற்றுத் தண்ணீர் நாலு குடம். கோயமுத்தூரே சிறுவாணித் தண்ணீரைப் புகழ்ந்துகொண்டிருந்த சமயம், இவளுக்கு அது எட்டவில்லை. லாரி ஒரு சாண் அமுங்கியது. பின்னால் மாட்டுவண்டி ஏர்க்காலைக் கொக்கியாக வைத்துக் குட்டிக் காரைப் பூட்டினார்கள்.

ஆடி பிறக்கும் முன் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். வள்ளியாத்தாளுக்கு எட்டாம் மாசம் முடியப்போகிறது. காளியாத்தாள் முன்னால் மைதீன் பிச்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காரமடை வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. பொங்கியண்ணன் காரில் உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். கல்லாறு தாண்டி மலை தொடங்கியது. ஓடை கண்ட இடமெல்லாம் லாரிக்குத் தண்ணீர் காட்டி, ஒரு வளைவுக்குக் கால்மணி நேரம் என்று மெல்ல ஏறியது. அடுப்பு எட்டுத் திசையும் சுற்றிக்கொண்டு போயிற்று. எதிரே வந்த ஒரு துரை காரை ஓரங்கட்டி நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். மரியாதைக்கா, காற்று வாங்கவா என்று தெரியவில்லை. பொங்கியண்ணன் மரியாதைக்கு என்றே வைத்துக்கொண்டார்.

பெரிய பாதை முடிந்து பேக்டரிக்குப் பிரியும் மண்பாதை வந்தது. இரண்டு மைல்தான், ஆனால் சுவர் மாதிரி நின்றது. லாரி நாலு முழம் ஏறியது, இருமியது, நின்றது. மைதீன் பிச்சை இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சொன்னார்: பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மூக்கு இவ்வளவு மேலே தூக்கினால் எண்ணெய் எஞ்சினுக்கு இறங்காது. பின்பக்கமாக ஏறினால் டாங்கி எஞ்சினுக்கு மேலே வந்துவிடும், எண்ணெய் தானாக இறங்கும், பின் கியருக்குத்தான் இழுவையும் அதிகம் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

பொங்கியண்ணன் மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் செய்யும் அநியாயம்.

முக்கில் லாரியைத் திருப்பினார்கள். காரைக் கழற்றி லாரியின் மூக்கில் கட்டினார்கள். வீட்டு வாசல் முன்னால் போக, லாரி முதுகு காட்டி ஏற, அதன் முகத்தில் மாட்டிய கார் பின்னாலேயே வந்தது. இப்போது காளியாத்தாளும் பொங்கியண்ணனும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர்கள் இப்படி இரண்டு மைல் தூரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது என்பதால் சண்டைக்கும் வழியில்லை. அவள் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள், பிறகு சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இவளுக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்று பொங்கியண்ணன் நினைத்தார். அந்த நினைப்பில் சக்கரத்தைத் திருப்ப மறந்து கார் ஒருமுறை தேயிலைச் செடிக்குள் போய் வந்தது.

தம்பிதுரையின் வீட்டு வாசலுக்கு எதிரே வெற்றிடம் இருந்தது. வண்டி பின்பக்கமாகவே வந்ததால் வாசல் சரியாகக் கிழக்குப் பார்த்து நின்றது. அடுப்பு அக்கினி மூலை. எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்தேன் என்று பொங்கியண்ணன் மைதீன் பிச்சையிடம் சொல்லிக்கொண்டே சக்கரங்களுக்குக் கல் வைத்தார், படியை இறக்கினார், வாசலில் தண்ணீர் தெளித்தார். அடுப்பைப் பற்றவைக்க வரச் சொல்லிச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். ஆளைக் காணோம்.

காளியாத்தாள் இறங்கியதும் மகளைப் பார்த்திருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி, கன்னம் ஒட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அம்மா வரட்டும் என்று இருந்திருக்கிறாள். காளியாத்தாள் மோட்டார் வீட்டைத் தாண்டி, மாப்பிள்ளையைத் தாண்டி, நேரே சமையல்கட்டுக்குப் போய்ப் பானையைத் திறந்து சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கிவிட்டாள். நீயும் தின்னாத்தான் நா திம்பேன் என்று மகள் வாயை மூடிக்கொண்டாள்.

பொங்கியண்ணன் இரண்டாம் முறை கூப்பிட்டபோது உள்ளேயிருந்து பதில் வந்தது.

"ஏனுங்க, நா சாப்டுட்டு இருக்கறனுங்க."

தம்பிதுரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பேக்டரிக் கூரையைப் பார்த்தான். ஒன்றரை மாச யோசனை, ஒரு லாரி, ஒரு மரவீடு, இரண்டு மைல் பின்னேற்றம், எல்லாம் ஒரு கவளத்தில் போயிற்று. மைதீன் பிச்சை சிரிப்பை அடக்கிக்கொண்டு அன்றைக்கே ரயிலில் இறங்கிப் போய்விட்டார்.

பொங்கியண்ணன் விடவில்லை. அவள் நனைத்தால் நனைக்கட்டும், நான் நனைக்க மாட்டேன் என்று மோட்டார் வீட்டில் தனியாகக் குடியிருந்தார். அடுப்பு மூட்டத் தெரியாது, ஆட்டுக்கல் எந்தப் பக்கம் சுற்றும் என்பது தெரியாது. முதல் வாரம் கொள்ளு வேகவில்லை, இரண்டாம் வாரம் கரிந்தது. பேக்டரிப் பெண்கள் தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து யோசனை சொன்னார்கள். மாப்பிள்ளை தினமும் வாசலில் நின்று, மாமா, ஒரு வாய் காப்பியாச்சுங்க என்று கெஞ்சினான். அய்யனின் ஒன்பது மைல் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். எதிரே இருபது அடி தூரத்தில் மகள். அவள் வாசல் வரை வந்தால் அவர் படி வரை இறங்குவார். சாப்ட்டயா கண்ணு என்பார். அதற்கு மேல் பேச அவருக்கு வராது.

இருபதாம் நாள் மத்தியானம் வலி எடுத்தது. கார் சமர்த்தாகக் கிளம்பியது. தம்பிதுரை ஓட்ட, காளியாத்தாள் மகளைத் தாங்கிக்கொள்ள, நாலாவது ஆளுக்கு அதில் இடமில்லை. பொங்கியண்ணன் படியில் உட்கார்ந்தார். நூறு பசுவுக்கு ஈற்றுப் பார்த்தவர், கன்று குறுக்கே நின்றாலும் கை நடுங்காதவர். அன்றைக்கு அவருக்குப் பயமாக இருந்தது. முதல் கரு போன செய்தி வந்த அன்று வாய்க்கால் மேட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதது ஞாபகம் வந்தது. பொழுது சாய்வதற்குள் தம்பிதுரை வந்து பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றான். பொங்கியண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவே இல்லை.

பேத்தி பிறந்தாயிற்று, இனி மாப்பிள்ளை வீட்டில் தாராளமாகக் கை நனைக்கலாம். ஆனாலும் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் அவர் விடியற்காலையிலேயே எழுந்து, பேக்டரிப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பத்தியச் சோறு ஆக்கினார். பூண்டு ரசம், குழைந்த சோறு. யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமலே ஆக்கினார்.

கார் வந்து நின்றது. தம்பிதுரை வீட்டு வாசலில் ஆரத்தி தயாராக இருந்தது. காளியாத்தாள் குழந்தையோடு அந்தப் பக்கம் திரும்பினாள். வள்ளியாத்தாள் திரும்பவில்லை. மெல்ல நடந்து மோட்டார் வீட்டின் படியைப் பிடித்து ஏறி, கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பசிக்குதுங்கய்யா."

பொங்கியண்ணன் வட்டில் வைத்தார். ரசம் ஊற்றினார்.

"இத்தன நாளும் எதுக்க இருந்துட்டு, நா ஒருக்கா உம்பக்கத்துல வந்து உக்காரலயே கண்ணு" என்றார்.

"ராத்திரியில பயந்துக்குவனுங்க. எந்திரிச்சுச் சன்னல்ல பாப்பேன். இங்க வெளக்கு எரியும். நம்மூடு வந்து நிக்குது, அய்யன் முழிச்சிருக்கறாருன்னு போயிப் படுத்துக்குவனுங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே படியடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காளியாத்தாள் நின்றாள். ஏனுங்க, நா உள்ள வரலாமுங்களா என்று கேட்டாள். அவர் கையை நீட்டிப் பேத்தியை வாங்கிக்கொண்டு, சம்சாரம் ஏற இடம் விட்டு நகர்ந்தார். சோற்றில் உப்பு கொஞ்சம் குறைச்சல்தான். வள்ளியாத்தாள் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.